விமானத்தின் மாக் எண்ணை அளப்பது எப்படி: பிட்டோ குழாயிலிருந்து காக்பிட் திரை வரை ஒரு முழுமையான வழிகாட்டி

35,000 அடி உயரத்தில் பறக்கும் ஒரு பயணிகள் விமானத்தின் காக்பிட் திரையில் 272 நாட் என்று ஒரு வேகமும், அதனருகில் 0.80 என்று ஓர் எண்ணும் தெரிகின்றன என்று வைத்துக்கொள்வோம். ஆனால் அந்த விமானம் தன்னைச் சுற்றியுள்ள காற்றில் உண்மையில் செல்லும் வேகம் 461 நாட், அதாவது மணிக்கு ஏறத்தாழ 854 கிலோமீட்டர். மூன்று எண்களும் ஒரே கணத்தில் ஒரே விமானத்துக்கு உரியவை, மூன்றுமே சரியானவை. இவற்றுள் 0.80 என்பதே மாக் எண். விமானம் ஒலியின் வேகத்தில் எத்தனை பங்கு வேகத்தில் செல்கிறது என்பதை அது சொல்கிறது. வியப்பு என்னவென்றால், இந்த எண்ணைத் தரும் கருவி ஒலியைக் கேட்பதும் இல்லை, காற்றின் வெப்பநிலையைப் பார்ப்பதும் இல்லை. இரண்டு காற்றழுத்தங்களை வாங்கி, ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பார்க்கிறது. அது எப்படி முடிகிறது என்பதை, கையில் ஒரு கால்குலேட்டருடன் படிப்படியாகப் பின்தொடரலாம்.

படி 1: ஒலியின் வேகம் எதைப் பொறுத்தது என்பதைத் தெளிவாக்கிக்கொள்ளுதல்

ஆஸ்திரிய இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக், பாய்ந்து செல்லும் துப்பாக்கிக் குண்டின் முன்னால் எழும் அதிர்ச்சி அலையைப் படமெடுத்து 1887-இல் வெளியிட்டார். வேகத்துக்கும் ஒலிவேகத்துக்கும் உள்ள விகிதத்துக்கு அவர் பெயரைச் சூட்டியவர் சுவிட்சர்லாந்தின் யாக்கோப் ஆக்கெரெட், ஆண்டு 1929.

காற்றில் ஒலியின் வேகம் வெப்பநிலையை மட்டுமே சார்ந்தது என்று நடைமுறையில் கொள்ளலாம். கெல்வினில் உள்ள வெப்பநிலையின் வர்க்கமூலத்தை 38.97-ஆல் பெருக்கினால் ஒலிவேகம் நாட் அளவில் கிடைத்துவிடும். சர்வதேசத் திட்ட வளிமண்டலத்தின்படி (கணக்குகளுக்காக ஏற்றுக்கொள்ளப்பட்ட மாதிரி வளிமண்டலம் அது) கடல்மட்டத்தில் வெப்பநிலை 15 டிகிரி செல்சியஸ். அங்கே ஒலிவேகம் 661.5 நாட், அதாவது மணிக்கு 1,225 கிலோமீட்டர். மேலே போகப்போக ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் 6.5 டிகிரி குறைந்து, 11 கிலோமீட்டர் உயரத்தில் மைனஸ் 56.5 டிகிரியை எட்டும்போது, ஒலிவேகம் மணிக்கு 1,062 கிலோமீட்டராகக் குறைந்துவிடுகிறது. மெல்லிய காற்றில் ஒலி மெதுவாகச் செல்வதற்கு அடர்த்திக் குறைவே காரணம் என்று பலரும் எண்ணுகிறார்கள். உண்மைக் காரணம் குளிர்.

செய்திகளில் வரும் ஒரு பிழையை இங்கேயே சுட்டிக்காட்டிவிடலாம். வலுவான பின்காற்றில் பறந்த பயணிகள் விமானம் தரையைப் பொறுத்து மணிக்கு 1,200 கிலோமீட்டரைத் தாண்டியதும், அது ஒலிவேகத்தைத் தொட்டுவிட்டதாக எழுதுகிறார்கள். மாக் எண் என்பது சுற்றியுள்ள காற்றைப் பொறுத்த வேகத்தின் கணக்கு. பின்காற்று விமானத்தையும் அதைச் சூழ்ந்த காற்றையும் சேர்த்தே தள்ளிக்கொண்டு போவதால், மாக் எண்ணில் அதற்கு எந்தப் பங்கும் கிடையாது.

படி 2: இரண்டு அழுத்தங்களைப் பிடித்தல்

முதல் அழுத்தம் பிட்டோ குழாய் வழியாக வருகிறது. பிரெஞ்சுப் பொறியாளர் ஆன்றி பிட்டோ 1732-இல் பாரிசின் சேன் ஆற்று நீரோட்டத்தை அளக்கப் பயன்படுத்திய வளைந்த குழாயின் வழித்தோன்றல் இது. விமானத்தின் மூக்குப் பகுதியில் முன்னோக்கி நீண்டிருக்கும் இதன் வாயில் எதிர்க்காற்று மோதி, முழுவதுமாக நின்றுவிடுகிறது. அப்படி நிறுத்தப்பட்ட காற்றின் அழுத்தத்துக்கு மொத்த அழுத்தம் என்று பெயர். உள்ளே புகும் நீர் வடிவதற்கு ஒரு சிறு துளையும், பனி கட்டாமல் இருக்க ஒரு மின் சூடேற்றியும் இதில் உண்டு.

இரண்டாவது, விமானம் அசையாமல் அந்த உயரத்தில் இருந்திருந்தால் உணர்ந்திருக்கும் சாதாரணக் காற்றழுத்தம். இது நிலை அழுத்தம். உடற்பகுதியின் பக்கச் சுவரில் தோலோடு தோலாகச் சமமாக அமைந்த சிறு துளைகள் இதை வாங்குகின்றன. விமானம் சற்றே பக்கவாட்டில் சறுக்கிப் பறந்தால் ஒரு பக்கம் அழுத்தம் கூடி மறுபக்கம் குறையும் என்பதால், இரு பக்கத் துளைகளையும் ஒரே குழாயில் இணைத்துச் சராசரி எடுக்கிறார்கள். மொத்த அழுத்தத்திலிருந்து நிலை அழுத்தத்தைக் கழித்தால் கிடைப்பது, காற்று மோதி நின்றதால் ஏற்பட்ட அழுத்த உயர்வு. இனி அதை மோதல் அழுத்தம் என்று அழைப்போம்.

படி 3: வெப்பநிலை ஏன் தேவையில்லை என்பதைப் புரிந்துகொள்ளுதல்

இந்தப் படிதான் முழு விஷயத்தின் உயிர்நாடி, அவசரப்படாமல் பார்ப்போம். வேகம் மிகக் குறைவாக இருக்கும்போது, மோதல் அழுத்தம் என்பது காற்றின் அடர்த்தியை வேகத்தின் வர்க்கத்தால் பெருக்கி இரண்டால் வகுத்ததற்குச் சமம். ஒலிவேகத்தின் வர்க்கமோ, 1.4-ஐ நிலை அழுத்தத்தால் பெருக்கி அடர்த்தியால் வகுத்ததற்குச் சமம். இப்போது மோதல் அழுத்தத்தை நிலை அழுத்தத்தால் வகுத்துப் பாருங்கள். நிலை அழுத்தத்துக்குப் பதிலாக இரண்டாவது உறவை இட்டு நிரப்பினால், மேலேயும் கீழேயும் உள்ள அடர்த்தி அடிபட்டுப் போகிறது. எஞ்சுவது மாக் எண்ணின் வர்க்கம், அதன் முன்னால் 0.7 என்ற மாறிலி. அடர்த்தி போனதோடு வெப்பநிலையும் போய்விட்டது. குளிர்ந்த காற்றில் ஒலிவேகம் குறைகிறது. அதே குளிரால் காற்று அடர்ந்து மோதல் அழுத்தம் கூடுகிறது. இரண்டும் ஒன்றையொன்று சரியாக ஈடுசெய்துகொள்கின்றன.

ஆனால் 0.7 என்ற எளிய உறவு வேகம் கூடும்போது போதாது. மாக் 0.80-க்கு அது 0.448 என்ற விகிதத்தைத் தரும். உண்மையான விகிதம் 0.524. குழாய் வாயில் நிற்கும் காற்று நசுங்கிச் சூடாவதால் வரும் கூடுதல் அது. அதைக் கணக்கில் கொள்ளும் முழுச் சூத்திரத்தைத்தான் கருவிகள் பயன்படுத்துகின்றன.

படி 4: கணக்கை நீங்களே போட்டுப் பார்த்தல்

தொடக்கத்தில் சொன்ன விமானத்தையே எடுத்துக்கொள்வோம். 35,000 அடியில் நிலை அழுத்தம் 238.4 ஹெக்டோபாஸ்கல். பிட்டோ குழாய் 363.4 ஹெக்டோபாஸ்கல் காட்டுகிறது.

மொத்த அழுத்தத்தை நிலை அழுத்தத்தால் வகுத்தால் 1.5243. அதை ஏழில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தினால் 1.128. ஒன்றைக் கழித்தால் 0.128, ஐந்தால் பெருக்கினால் 0.64; வர்க்கமூலம் 0.80. ஒலிவேகத்துக்குக் கீழே பறக்கும் இன்றைய ஜெட் பயணிகள் விமானங்கள் வினாடிக்குப் பலமுறை போட்டுக்கொண்டிருக்கும் கணக்கு இவ்வளவே.

திரையில் தெரிந்த 272 நாட் எங்கிருந்து வந்தது? அதே 125 ஹெக்டோபாஸ்கல் மோதல் அழுத்தத்தை, அந்த உயரத்தின் நிலை அழுத்தத்துக்குப் பதிலாகக் கடல்மட்ட அழுத்தமான 1013.25-ஆல் வகுத்துக் கணக்கைத் திரும்பப் போட்டால் 0.411 வரும், அதைக் கடல்மட்ட ஒலிவேகமான 661.5 நாட்டால் பெருக்கினால் 272. ஆகவே வழக்கமான வேகமானி காட்டுவது, இதே மோதல் அழுத்தத்தைக் கடல்மட்டத்தில் தரக்கூடிய வேகம். இறக்கை தாங்கும் சுமையை அறிய அது மிகவும் பயன்படும். ஒலிவேகம் எவ்வளவு நெருங்கிவிட்டது என்பதை அறிய அது பயன்படாது. 272 நாட் கடல்மட்டத்தில் மாக் 0.41, 35,000 அடியில் மாக் 0.80.

படி 5: அதே வகுத்தலைப் பல்சக்கரங்கள் செய்த விதம்

கணினி வருவதற்கு முன் இந்த வகுத்தலை ஓர் இயந்திரம் செய்தது. மாக்மானியின் உள்ளே மெல்லிய உலோகச் சவ்வால் ஆன இரண்டு பெட்டிகள் இருக்கும். முதல் பெட்டியின் உள்ளே பிட்டோ அழுத்தமும் வெளியே நிலை அழுத்தமும் நிற்பதால், மோதல் அழுத்தத்துக்கு ஏற்ப அது உப்புகிறது. இரண்டாவது, காற்று நீக்கி மூடப்பட்ட அனராய்டு பெட்டி. உயரம் கூடி நிலை அழுத்தம் குறையக் குறைய அது விரிகிறது. முதல் பெட்டியின் தள்ளுதல் ஒரு நெம்புகோல் வழியாக முள்ளைத் திருப்புகிறது. இரண்டாவது பெட்டி விரியும்போது, அந்தத் தள்ளுதல் படும் இடத்தை நெம்புகோலின் சுழல் மையத்தை நோக்கி நகர்த்துகிறது. மையத்துக்கு அருகில் தள்ளினால் அதே தள்ளுதலுக்கு முள் அதிகம் திரும்பும். நிலை அழுத்தம் பாதியானால் விகிதம் இரட்டிப்பாக வேண்டும் என்ற கணிதத்தை, தொடுபுள்ளி நகர்வதைக் கொண்டே செய்து முடித்த இந்த அமைப்புக்கு ஈடான நேர்த்தியை இன்றைய கணினிச் சில்லுகளில் நான் காணவில்லை என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

இன்றைய விமானங்களில் குழாய்க்கு அருகிலேயே அழுத்த உணரிகள் அமைந்து, அழுத்தத்தை எண்ணாக மாற்றிக் கம்பி வழியே, வேகத்தையும் உயரத்தையும் கணக்கிடும் ஏர் டேட்டா கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. நீண்ட காற்றுக் குழாய்கள் குறைவதால் கசிவுக்கும் தாமதத்துக்கும் வாய்ப்புக் குறைகிறது. பெரிய பயணிகள் விமானங்களில் இத்தகைய தொகுதிகள் பொதுவாக மூன்று, ஒன்றையொன்று சாராமல் இயங்குகின்றன.

படி 6: உண்மை வேகத்துக்காக வெப்பநிலையை இப்போது சேர்த்தல்

மாக் எண்ணுக்குத் தேவைப்படாத வெப்பநிலை, அதை உண்மை வேகமாக மாற்றும்போது கட்டாயம் வேண்டும். இங்கே ஒரு சிக்கல். வெளியே நீட்டிய வெப்பநிலை உணரியிலும் காற்று மோதி நின்று சூடாகிறது. ஆகவே அது காட்டுவது வெளிக்காற்றின் வெப்பநிலையை விடக் கூடுதல். எவ்வளவு கூடுதல் என்பதை மாக் எண்ணே சொல்கிறது: மாக் எண்ணின் வர்க்கத்தை 0.2-ஆல் பெருக்கி ஒன்றைக் கூட்டினால் கிடைக்கும் மடங்கு அது. நம் விமானத்தில் 1.128. உணரி காட்டும் 246.8 கெல்வினை, அதாவது மைனஸ் 26.3 டிகிரியை, இதனால் வகுத்தால் 218.8 கெல்வின், அதாவது மைனஸ் 54.3 டிகிரி. அங்கே ஒலிவேகம் 576.4 நாட், அதில் 0.80 பங்கு 461 நாட். மாக் 2.02-இல் பறந்த கான்கார்டு பயணிகள் விமானத்தில் இந்தச் சூடேற்றம் மைனஸ் 56.5 டிகிரிக் காற்றை ஏறத்தாழ 120 டிகிரிக்கு உயர்த்திவிடும். அந்த விமானத்தின் வேகத்துக்கு மூக்கின் 127 டிகிரி வெப்ப வரம்பும் ஒரு எல்லையாக இருந்தது.

படி 7: நிலை அழுத்தத்தின் பிழையைத் திருத்துதல்

பிட்டோ குழாயில் பிழை வருவது அரிது. தொல்லையெல்லாம் நிலை அழுத்தத்தில்தான். விமானத்தின் உடலைச் சுற்றி ஓடும் காற்று ஓரிடத்தில் வேகமெடுக்கிறது, ஓரிடத்தில் தயங்குகிறது. அதனால் துளை அமைந்த இடத்தின் அழுத்தம் தொலைவிலுள்ள கலங்காத காற்றின் அழுத்தத்தோடு முழுவதும் ஒத்துப்போவதில்லை. இந்தப் பிழை மாக் எண்ணுடனும், விமானம் மூக்கைத் தூக்கும் கோணத்துடனும், இறக்கை மடல்களின் நிலையுடனும் மாறுகிறது.

நம் எடுத்துக்காட்டில் நிலை அழுத்தம் ஒரே ஒரு ஹெக்டோபாஸ்கல் குறைவாக, 237.4 என்று வந்தால் மாக் எண் 0.804 ஆகிவிடும். அது சிறிதாகத் தோன்றலாம். ஆனால் அதே நிலை அழுத்தத்தைக் கொண்டுதான் உயரமானியும் இயங்குகிறது. அங்கே அந்த ஒரு ஹெக்டோபாஸ்கல் ஏறத்தாழ 88 அடி பிழை. 29,000 முதல் 41,000 அடி வரை விமானங்கள் ஒன்றின் மேல் ஒன்றாக 1,000 அடி இடைவெளியில் பறக்கும் வான்வெளியில் இதை அலட்சியப்படுத்த முடியாது. எனவே புதிய வகை விமானத்தைச் சோதித்துப் பறக்கும்போது, வாலுக்கு வெகு பின்னால் நீண்ட குழாயின் முனையில் ஒரு கூம்பைக் கட்டி இழுத்துச் சென்று, கலங்காத காற்றின் அழுத்தத்தை அளந்து, துளை காட்டும் அழுத்தத்தோடு ஒப்பிட்டுத் திருத்த அட்டவணை தயாரிக்கிறார்கள். அந்த அட்டவணை கணினியின் நினைவகத்தில் ஏற்றப்படுகிறது. துளையைச் சுற்றிய தகட்டில் பள்ளமோ, திட்டுத்திட்டாக வண்ணப்பூச்சோ வந்தால் அட்டவணை பொருந்தாமல் போகும். அதனால்தான் அந்த இடத்தைச் சுற்றி எல்லைக்கோடு வரைந்து எச்சரிக்கை எழுதியிருக்கிறார்கள்.

படி 8: ஒலியைத் தாண்டும்போது சூத்திரத்தை மாற்றுதல்

1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர், பெல் எக்ஸ்-1 விமானத்தில் முதன்முதலாகச் சமதளப் பறத்தலில் ஒலிவேகத்தைக் கடந்தபோது, மாக்மானியின் முள் 0.98-க்கு அருகில் சற்று நேரம் தடுமாறிவிட்டு அளவுகோலைத் தாண்டிப் போய்விட்டது. அந்தக் கருவியின் அளவுகோல் 1.0 வரையே இருந்தது. பின்னர் கணக்கிட்டதில் கிடைத்தது மாக் 1.06. முள்ளின் அந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் உண்டு. ஒலிவேகத்தை நெருங்கும்போது அதிர்ச்சி அலைகள் நிலை அழுத்தத் துளைகளின் மேலாக நகர்ந்து கடக்கின்றன. அலைக்கு முன்னும் பின்னும் அழுத்தம் திடீரென்று வேறுபடுவதால் முள் துள்ளுகிறது. அலை கடந்து சென்ற பின் முள் அமைதியாகிவிடும்.

அதற்கு அப்பால் பிட்டோ குழாயின் வாய்க்கு முன்னாலேயே ஓர் அதிர்ச்சி அலை நின்றுவிடுகிறது. காற்று அதைக் கடக்கும்போது மொத்த அழுத்தத்தில் ஒரு பகுதியை இழக்கிறது. மாக் 2-இல் இழப்பில்லாமல் நின்றிருந்தால் மொத்த அழுத்தம் நிலை அழுத்தத்தைப் போல் 7.82 மடங்கு, குழாய்க்குக் கிடைப்பதோ 5.64 மடங்கு. இதை நான்காம் படியின் சூத்திரத்தில் போட்டால் 1.79 என்ற தவறான விடை வரும். ஆங்கில இயற்பியலாளர் ரேலி பிரபுவின் பெயரால் அழைக்கப்படும் சூத்திரம் இந்த இழப்பையும் கணக்கில் சேர்க்கிறது. ஆனால் அதில் மாக் எண் சமன்பாட்டின் இரு பக்கமும் உட்கார்ந்திருப்பதால் ஒரே வீச்சில் விடை காண முடியாது. ஓர் ஊகத்தில் தொடங்கிச் சுற்றிச் சுற்றி நெருங்க வேண்டும்.

செய்முறை இது: ஊக மாக் எண்ணின் வர்க்கத்தை ஏழால் பெருக்கி, அதனால் ஒன்றை வகுத்து, வந்ததை ஒன்றிலிருந்து கழிக்கவும், அதை 2.5 அடுக்குக்கு உயர்த்தி, அழுத்த விகிதத்தால் பெருக்கி, வர்க்கமூலம் எடுத்து, 0.8813-ஆல் பெருக்கவும். 1.79-இல் தொடங்கினால் முதல் சுற்றில் 1.98, இரண்டாம் சுற்றில் 1.998, மூன்றாம் சுற்றில் 2.00. மாக் 1.2-இல் பழைய சூத்திரத்தின் பிழை 0.006 மட்டுமே என்பதால், ஒலிவேகத்தைச் சற்றே தாண்டும் விமானத்தில் இந்த வேறுபாட்டை எவரும் உணரமாட்டார்கள்.

படி 9: எந்த உயரத்தில் எந்த எண்ணைப் பார்ப்பது

விமானம் ஏறும்போது, திரை காட்டும் நாட் வேகத்தை மாறாமல் வைத்துக்கொண்டு முதலில் ஏறுகிறது. அப்போது மாக் எண் தானாகவே உயர்ந்துகொண்டு போகும். 300 நாட் வேகத்தில் ஏறினால், ஏறத்தாழ 29,300 அடியில் அது மாக் 0.78-ஐ எட்டும். அதற்கு மேல் மாக் எண்ணை நிலையாகப் பிடித்துக்கொண்டு ஏறுவார்கள். நாட் வேகம் குறையத் தொடங்கும். உயரே மாக் எண்ணுக்கு முதன்மை தருவதன் காரணம் இறக்கையில் இருக்கிறது: விமானம் ஒலிவேகத்துக்குக் கீழே பறந்தாலும் இறக்கையின் மேற்புறத்தில் வேகமெடுக்கும் காற்று ஒலிவேகத்தைத் தாண்டி, அதிர்ச்சி அலை தோன்றி, விமானம் குலுங்கத் தொடங்கும்.

படி 10: குழாய் அடைபட்டால் கருவி என்ன சொல்லும்

பிட்டோ குழாயின் வாயும் வடிதுளையும் சேர்ந்து அடைபட்டால், பழைய மொத்த அழுத்தம் உள்ளே சிறைப்படுகிறது. விமானம் ஏற ஏற நிலை அழுத்தம் குறைவதால், வேகம் மாறாமல் இருந்தாலும் மாக்மானி ஏறிக்கொண்டே போகும். வாய் மட்டும் அடைபட்டு வடிதுளை திறந்திருந்தால், அளவு சுழியை நோக்கி விழும். நிலை அழுத்தத் துளை அடைபட்டால் ஏறும்போது குறைத்தும் இறங்கும்போது கூட்டியும் காட்டும். வாயும் வடிதுளையும் சேர்ந்து அடைபடும் முதல் நிலைதான் ஏமாற்றுவதில் தேர்ந்தது.

1996 பிப்ரவரி 6 அன்று டொமினிக்கன் குடியரசின் புவர்ட்டோ பிளாட்டாவிலிருந்து கிளம்பிய போயிங் 757-இல் கேப்டன் பக்கத்துப் பிட்டோ குழாய் அடைபட்டிருந்தது. 189 பேர் இறந்தனர். அதே ஆண்டு அக்டோபர் 2 அன்று பெருவின் லிமாவிலிருந்து புறப்பட்ட இன்னொரு 757-இல், கழுவும்போது நிலை அழுத்தத் துளைகள் மேல் ஒட்டிய நாடா அகற்றப்படாமல் இருந்தது; 70 பேர் இறந்தனர். 2009 ஜூன் 1 அன்று அட்லாண்டிக் மேலே ஏர்பஸ் ஏ330 ஒன்றில் பனிப்படிகங்கள் பிட்டோ குழாய்களை அடைத்தன. 228 பேர் இறந்தனர். மூன்று தொகுதிகளை ஒப்பிட்டு மாறுபடும் ஒன்றை ஒதுக்கும் முறை, ஒரே காரணத்தால் குழாய்கள் சேர்ந்து அடைபடும்போது உதவாது என்பதை அந்த மூன்றாவது விபத்து காட்டியது. அத்தகைய நேரத்தில் விமானிகள் கைக்கொள்ள வேண்டியது, மூக்கின் கோணத்தையும் எஞ்சின் விசையையும் அட்டவணையில் உள்ள அளவுகளில் நிறுத்தும் முறை.

குழாய்களே இல்லாமல் மாக் எண்ணைச் சரிபார்க்கவும் ஒரு வழி உண்டு. பறத்தலுக்குப் பிந்தைய ஆய்வுக்கு அது ஏற்றது. ஜிபிஎஸ் தரும் தரைவேகத்திலிருந்து காற்றோட்டத்தை நீக்கினால் உண்மை வேகம் கிடைக்கும்: 461 நாட், வினாடிக்கு 237 மீட்டர். அதன் வர்க்கத்தை 2,009-ஆல் வகுத்தால் 28 டிகிரி. அது மோதலால் ஏற்பட்ட சூடு. உணரி காட்டிய மைனஸ் 26.3 டிகிரியிலிருந்து அதைக் கழித்தால் மைனஸ் 54.3, அங்கே ஒலிவேகம் 576.4 நாட். 461-ஐ 576.4-ஆல் வகுத்தால் 0.80.